கோவிந்து நைனாவும் கூட்ஸ் பெட்டியும்

கோவிந்து நைனா போய்விட்டார். காலையில் அவர் மகன் போன் செய்தார்... இன்னும் கை ஓடவில்லை.

நூறை நெருங்கிய வயது. திருத்தணி பக்கம் கே.ஜி.கண்டிகைக்காரர். எனக்கு உறவில்லை. பழைய கோடாலி சேர்க்கும் கிறுக்குதான் எங்களைச் சேர்த்து வைத்தது.

நாங்கள் சில நண்பர்கள் இரண்டாம் உலக யுத்த காலத்து ராணுவச் சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு திருத்தணி மலைப்பக்கம் கேம்ப் போவோம். அதற்கு ஒரு கைக்கோடாலி தேடி அரக்கோணம் பழைய இரும்புக் கடைக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் காதருகே வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

"காம்புல தலை ஆடுதான்னு கேக்குறேன்பா."

ஒருநாள் ஆன்லைனில் வாங்கிய டொமஹாக் கைக்கோடாலியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அமெரிக்கப் பழங்குடிகள் வைத்திருந்த மாதிரி... எறியவும் செய்யலாம் என்றேன்.

"எறிஞ்சிட்டா அப்பறம் கையில இன்னா இருக்கும்?"

சிரிக்கவில்லை. அன்றுதான் அந்தக் கதையைச் சொன்னார்.

யுத்தம் முடிந்த மறுவருஷம். ராணுவ முகாமைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். இவரும் இவர் அக்கா புருஷனும் அங்கே லோடு ஏற்றும் கூலிகள். பாவா என்றுதான் அவரைச் சொல்வார்.

கூட்ஸ் பெட்டிக்குள் கோடாலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது யாரோ கதவை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டுவிட்டார்கள். வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போய், வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் ஏதோ சைடிங்கில் நின்றது.

சித்திரை வெயில். இரும்புச் சுவர். இருட்டு. தட்டித் தட்டிக் கை வீங்கியது. யாரும் வரவில்லை.

"பாவாக்கு மூச்சு வாங்கிகினு இருந்துது. அப்பறம் பேச்சே இல்ல. எங்கக்கா மூஞ்சில எப்டி முழிப்பேன்னு அது ஒண்ணுதான் மனசுல ஓடுது."

தரை மட்டும் மரப்பலகை. ஒரு கோடாலியை எடுத்து ஓங்கினார். தலை கழன்று பறந்தது. அடுத்ததன் காம்பு பிளந்தது. பிறகுதான் ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்தார். சத்தமே வராத ஒன்று கையில் கிடைத்தது.

முகம் கொள்ளும் அளவு ஓட்டை போட்டார். பாவாவைக் குப்புறப் படுக்கவைத்து முகத்தை அதில் பிடித்துக்கொண்டார். கீழே ஜல்லி, தண்டவாளம்... காற்று.

வெட்டும் சத்தம் கேட்டுத்தான் ஆள் வந்தது. கூடவே போலீஸ். கோடாலி திருட ஏறியவர்கள் என்று இரண்டு பேரையும் லாக்கப்பில் போட்டார்கள்.

"வெளிய வந்துட்டோம்னு நெனச்சேன்பா. மறுபடியும் உள்ள."

கூலி மேஸ்திரி வந்து தன் ஆட்கள்தான் என்று சொன்ன பிறகு விட்டார்கள். பாவா பிழைத்தார். நைனா அதற்குப் பிறகு ரயிலே ஏறவில்லை. சந்தை சந்தையாக அலைந்து அதே மாதிரி ராணுவக் கோடாலிகளை வாங்கினார். வீட்டில் ரூமுக்கு ஒன்று.

கடைசி மாதங்கள் சென்னையில், மகனுடைய ஃபிளாட்டில். விழுந்துவிடுவார் என்று கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி. ஏசிக்காக ஜன்னலெல்லாம் மூடி... மகன் நல்லவர். அவருக்கும் வேறு வழியில்லை.

போன மாதம் பார்க்கப் போனேன். என் கையை விடவே இல்லை.

"என்னைய இட்டுகினு போறியா?"

"டாக்டர் சொல்லட்டும் நைனா, போலாம்."

"ஆங்..." என்றார். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர்கள் குடும்பத்தில் புதைப்பதுதான் வழக்கம். ஆனால் நைனா மகனிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாராம்.

"மண்ணப் போட்டு மூடாத. கொளுத்திடு."

சாயங்காலம் கண்டிகையில் தகனம். நான் கிளம்பிவிட்டேன்.

போய்ட்டு வாங்க நைனா...