எட்டு ஓம்

ஊரார் மோட்டாருக்கெல்லாம் உயிர் கொடுத்த ரிப்பேர்காரர், மனைவி இறந்த மறுவாரம்தான் சொந்த வீட்டுக் கரண்ட் அடுப்பில் மீட்டரை வைத்தார்.

இருநூற்று நாற்பது வோல்ட், ஆறு ஆம்பியர். பெருக்கினால் ஆயிரத்து நானூற்று நாற்பது வாட். வாங்கும்போது ஆயிரத்து இருநூறுதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை நாற்பது ஓம்; புதிதில் நாற்பத்தெட்டு. கம்பியின் நீளம் குறைந்தால்தான் தடை குறையும், சூடு ஏறும். குறைத்தது யார்?

சுருளை உற்றுப் பார்த்தார். ஏழு இடத்தில் கருகிய நுனியைக் கத்தரித்து முறுக்கியிருந்தது. அவள் கைவேலை.

"கம்பி அறுந்துடுச்சுங்க" என்று ஒரே ஒருமுறைதான் சொன்னாள். "தலைக்கு மேல வேலை கிடக்கு, போடி" என்று எரிந்து விழுந்தார்.

"நான் வாங்கின அடுப்பு, பழசாகப் பழசாக நல்லாச் சுடுது பாரு" என்று அவர் பீற்றிக்கொண்ட நாளில், அவள் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.