மூன்று முறை கூப்பிட்டேன், நான்கு முறை வந்தது

என் ஹாம் ரேடியோவுக்கு மூன்று பேண்ட் (அலைவரிசை) ஆன்டெனா வாங்கவா, ஐந்து பேண்டா என்று நேற்று இந்தக் குழுவில் உங்களிடம் கேட்டிருந்தேன். மூன்று பேண்டை நண்பரிடம் இரவல் வாங்கி, இன்று மதியம் வாழவந்தி நாடு என்ற மலையூரில் என் வாடகை வீட்டு மாடியில் கம்பம் நட்டு ஏற்றினேன்.

ஆன்டெனாவைத் திசை திருப்புவதற்கு மோட்டார் இல்லை. மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் வந்து கம்பத்தைக் கையால் திருப்பினார்.

ஊர்ப் பக்கம் திருப்பியபோது ரேடியோவில் வெறும் இரைச்சல். பனி மூடிய பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பியதும் இரைச்சலே அடங்கிவிட்டது.

"யாராவது கேட்கிறீர்களா?" என்று மைக்கில் மூன்று முறை கூப்பிட்டேன். சில நொடிகளில் என் குரலே திரும்பி வந்தது. எப்போதாவது இப்படி எதிரொலி வரும் என்று படித்திருக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டுக்காரர் கேட்டார்: "ஏனுங்க சார், நீங்க மூணு தடவதானுங்களே கூப்பிட்டீங்க? நாலு வந்துச்சுங்க. நாலாவதும் உங்க குரல்தானுங்க."

அடுத்த பேண்டுக்கு மாற்றி, மறுபடி மூன்று முறை கூப்பிட்டேன். நான்கு வந்தது. மூன்றாவது பேண்டிலும் நான்கு.

நான் சொல்லாமலே அவர் கம்பத்தை ஊர்ப் பக்கம் திருப்பிவிட்டார். "அந்தப் பக்கம் ஊடு வாசல் எதுவுமே இல்லீங்க சார்."

ஐந்து பேண்டுதான் வாங்க வேண்டும் என்று அடித்துச் சொன்னவர்களே, மீதி இரண்டிலும் அது கூப்பிட்டால் நீங்கள் வந்து பதில் சொல்வீர்களா?