ஞாயிறு மட்டும் கிளம்பாத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் மெக்கானிக் சித்தி ஒருமுறை முறைத்தால் போதும், செத்த கம்ப்யூட்டரும் எழுந்து நின்று வணக்கம் வைக்கும். அப்பேர்ப்பட்டவள் சொந்தக் கடை திறந்த பிறகு அக்கா வீட்டுப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை. அக்கா மகள் வாலுவுக்கு அவள் வராத வீடு வெறிச்சென்றிருந்தது. சொல்லிவைத்தாற்போல் அந்த வீட்டுக் கம்ப்யூட்டரும் வாரமெல்லாம் ஓடிவிட்டு, கடைக்கு விடுமுறையான ஞாயிறு மட்டும் கிளம்ப மறுத்தது.

நாலாவது ஞாயிறும் சித்தி வந்து பெட்டியைத் திறந்தாள். உள்ளே ரேம் என்ற நினைவக அட்டை மறுபடி தன் இடத்திலிருந்து தளர்ந்திருந்தது.

“வயசாயிடுச்சுல்ல சித்தி, பாவம்,” என்றாள் வாலு.

சித்தி மூடியின் ஓரத்தைக் காட்டினாள். போன வாரம் மூடியையும் பெட்டியையும் சேர்த்து அவள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர், இன்று அவள் திறக்கும் முன்பே இரண்டாகக் கிழிந்திருந்தது.

“வயசானா தன் சட்டையைத் தானே கழட்டிக்குமாடி?”

வாலு திருதிருவென்று விழித்தாள்.

“இனிமே இதை நோண்டாத. ஞாயித்துக்கிழமை நானே வரேன்.”