ஒரே பஸ்ஸில் இரண்டு முறை தோற்றோம்

இன்று காலை மறையூரிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில் போனில் அமெரிக்க பாஸ்கெட்பால் பிளேஆஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நொடியில் எங்கள் டீம் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. ஒரு புள்ளியில் தோல்வி.

"போச்சு!" என்று கத்திவிட்டேன்.

முன்சீட்டில் பூண்டு மூட்டையோடு இருந்த அக்கா திரும்பி முறைத்தார். "தம்பி, வாயத் தொறக்காதீக! எனக்கு இன்னும் அஞ்சு செகண்டு இருக்கு!"

அவர் போனிலும் அதே மேட்ச், கொஞ்சம் தாமதமாக.

இந்த முறையாவது உள்ளே விழும் என்று நானும் எட்டிப் பார்த்தேன். விழவில்லை.

"கோச்ச மாத்தணும்னு வருசக்கணக்கா கத்துறேன். கேக்க ஒரு ஆளில்ல" என்றார்.

எனக்குத் தோற்ற வருத்தமே போய்விட்டது. இத்தனை நாள் இந்த மலையில் நான் ஒருவன்தான் ரசிகன் என்றிருந்தேன்!

மூணாறு வருவதற்குள் ரசிகர் மன்றம் தொடங்கிவிட்டோம். அக்கா தலைவர், நான் செயலாளர். பொருளாளர் பதவி காலி. யார் வர்றீங்க?