தாய்மாமனுக்கு இரட்டை நாற்காலி

பாலவனத்தம் ஞானப்பூ, நூல் மில்லில் பதினெட்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். மில்லை மூடியபோது கைக்கு வந்த தொகை முழுவதையும் ஊரார் உட்காருவதற்காகவே போட்டாள். 1993இல் வாடகைக்கு விட நூறு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கினாள்.

அதுவரை அந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் வாடகைக்கடைக்காரன் சோலையின் இரும்பு மடக்கு நாற்காலிதான். விரலைக் கடிக்கும், பட்டுச்சேலையைக் கிழிக்கும், நகர்த்தினால் கழுதை போலக் கத்தும். ஞானப்பூவின் நாற்காலியில் ஆணி இல்லை, திருகு இல்லை. காலும் கையும் முதுகுமாக ஒரே வார்ப்பு. சோலைக்கு அதுதான் சிரிப்பு.

"கனத்த ஆளு ஒருத்தர் உக்காரட்டும். நாலு காலும் நாலு திசைக்குப் போகும்!"

முதல் வாடகை, திருச்சுழி மளிகைக்கடை வெள்ளத்துரையின் மகள் கல்யாணம். அங்கே ஒரு நாற்காலி உடைந்தாலும் அதற்கப்புறம் அவளிடம் ஒருவரும் வரமாட்டார்கள். வந்ததோ பூமிநாதன், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். அவர் ஏறினால் அருப்புக்கோட்டை பஸ் ஒரு பக்கமாகவே சாய்ந்து வரும். கண்மாய்க்கரை வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தி, "ஐயா, அந்தப் பக்கம் மாறி உக்காருங்க" என்று கும்பிடுவார். நம்பாதவர்கள் வளைவைப் போய்ப் பார்க்கலாம். ஒரு பக்கம் இன்னும் பள்ளம்தான்.

மண்டபத்தின் சிமெண்டுத் தரை பன்னீரில் வழுக்கிக் கிடந்தது. வேடிக்கை பார்க்கவே வந்திருந்த சோலை தூணில் சாய்ந்து நின்றான். வெள்ளத்துரைக்கு வியர்த்தது.

"ஏத்தா ஞானப்பூ, மாமன் சபையில விழுந்தா என் மானம் போச்சு. சோலைகிட்ட ஒரு இரும்பு நாற்காலி கேட்டுருவமா?"

"அது உள்ள வந்தா நான் வெளிய போயிருவேன் அண்ணாச்சி."

காலையில் லோடு வண்டியில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி ஏற்றியதும், அந்த அடுக்கின்மேல் லோடுமேன் குந்திக்கொண்டே வந்ததும் அவளுக்கு நினைவு வந்தது. ஒரு நாற்காலியை எடுத்து இன்னொன்றின்மேல் செருகி, மணவறைக்கு எதிரே போட்டாள்.

பூமிநாதன் முகம் சிவந்தது. "எல்லாருக்கும் ஒண்ணு, எனக்கு மட்டும் ரெண்டா? ஒடம்பச் சொல்லிக் காட்டுறியாக்கும்?"

"தாய்மாமன் நீங்க, மத்தவுகளோட சரிக்குச் சமமா உக்காரலாமா? ஒங்களுக்கு ஒரு படி ஒசத்தி!"

அவர் மீசையைத் தடவியபடி உட்கார்ந்தார். மேளம் நின்றது. ஞானப்பூவுக்கு மூச்சும் நின்றது. நாற்காலி மட்டும் முனகக்கூட இல்லை.

அதற்குள் பெண்ணுக்குத் தாய்மாமன் எழுந்துவிட்டார். "அப்ப நாங்க மட்டும் எளப்பமா?" அவருக்கும் இரண்டு. பிறகு பெரியப்பாவுக்கு, ஊர்த்தலைவருக்கு, ஓமக்குச்சி போலிருந்த கணக்குப்பிள்ளைக்கு. தாலி கட்டுவதற்குள் நூறு நாற்காலி அறுபது பேருக்குத்தான் காணும் என்றாகிவிட்டது. இன்று எந்த ஊர்க் கல்யாணத்திலாவது கனத்தவருக்கு இரண்டு நாற்காலி செருகிப் போட்டால், அது பாலவனத்தத்துக்காரி தொடங்கிவைத்த மரியாதை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பந்தி முடியுமுன் ஏழு வீட்டார் ஞானப்பூவிடம் தேதி சொல்லிவிட்டார்கள். மில்லில் நின்றது போலவே அன்றும் நின்றாள். ஆனால் மகாராணி மாதிரி.

கால் கடுத்த சோலை மெல்ல வந்தான். "அக்கா, எனக்கும் ரெண்டு போடுங்க."

"ஒனக்கு ஒண்ணே தாங்கும் தம்பி. பயப்படாம உக்காரு."