கராஜில் வைத்த செம்பு

சான்டா கிளாராவில் வாடகைக்கு எடுத்திருக்கும் அப்பார்ட்மென்டுக்குள் கார் திரும்பும்போதெல்லாம் என் விரல் தானாகத் தலைக்கு மேலே போகிறது. பழைய வீட்டின் கராஜ் ரிமோட் அங்கே செருகியிருக்கிறது. அழுத்துகிறேன். எதுவும் திறப்பதில்லை. திறக்க வேண்டிய கதவு மலைச்சரிவில் எரிந்து சுருண்ட தகடாகிப் போயிற்று. பிடுங்கிப் போட்டுவிடலாம்தான்; கை வரவில்லை.

காட்டுத்தீ வருகிறது, கிளம்புங்கள் என்று போன் அலறியபோது கிடைத்தது பத்து நிமிடம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கிட்டார், ஆல்பம், பூனை என்று எடுத்தார்கள். நாங்கள் ஃபைலை எடுத்தோம். பாஸ்போர்ட், பழைய விசாத் தாள்கள், கிரீன் கார்டு. காகிதம் இல்லையென்றால் நாமே இல்லை என்று பதினெட்டு வருடமாக இந்த நாடு சொல்லிக்கொடுத்தது காலுக்குள் இறங்கியிருந்தது. என் மனைவி மாலதி அந்த ஃபைலைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஓடினாள். ஃப்ரீவேயில் ஏறிய பிறகுதான் கேட்டாள்: "மாமாவ எடுத்தீங்களா?"

மாமா என்றது என் அப்பாவை. ஆறு வருடத்துக்கு முன் விசிட்டர் விசாவில் எங்களைப் பார்க்க வந்த இடத்தில் இறந்துபோனவர். இங்கேயே எரித்தோம். ராமேஸ்வரத்தில் கரைக்க வேண்டிய அஸ்தியைச் செம்பில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, கராஜின் மேல்தட்டில் வைத்தேன். அஸ்தி வீட்டுக்குள் வரக்கூடாது. ஊரிலென்றால் வெளியே மரத்தில் கட்டியிருப்போம். இங்கே வீட்டோடு ஒட்டியும் வீடாக இல்லாமலும் இருந்த ஒரே இடம் கராஜ்தான். அப்போது எங்கள் விசா நீட்டிப்பு நிலுவையில் இருந்தது. போனால் திரும்பி வர விடுவார்களா என்ற பயம். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்றே போயிற்று. கும்பகோணத்திலிருந்து தங்கை சாந்தி அமாவாசை தவறாமல், எப்போது கொண்டுவந்து கரைப்பாய் என்று கேட்பாள். ஒருவழியாக கிரீன் கார்டு வந்து, டிசம்பருக்கு டிக்கெட்டும் போட்ட பிறகு தீ வந்தது.

மூன்று வாரம் கழித்து, வெள்ளை உடுப்பும் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு, எங்கள் வீட்டுக்குப் போக அனுமதி வாங்கிப் போனோம். கிரைண்டர் கல் மட்டும் முழுசாக இருந்தது. இட்லித் தட்டுகள் உருகி ஒரே கட்டியாகியிருந்தன. குத்துவிளக்கு தலை கவிழ்ந்து வளைந்திருந்தது. எரிந்த வீடுகளில் அஸ்தி தேடிக்கொடுக்கும் தன்னார்வலர்கள் உண்டென்று என் மகள் நிலா கண்டுபிடித்திருந்தாள். லிண்டா என்ற அம்மாள் மோப்ப நாயோடு வந்தாள். அஸ்தி எங்கே இருந்தது, குளிர்காயும் ஃபயர்பிளேஸ் மேலேயா, படுக்கையறையிலா என்று கேட்டாள். கராஜில் என்றேன்.

"கராஜிலா?" பெயின்ட் டப்பாக்கள் எரிந்து கிடந்த மூலையைப் பார்த்தாள். பிறகு என் தோளைத் தொட்டு, சிலருக்குக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளக் கஷ்டமாக இருக்கும், தப்பில்லை என்றாள். வீட்டுக்குள் வைக்காததுதான் மரியாதை என்று சொல்ல என் ஆங்கிலத்தில் இடம் இருக்கவில்லை. "ஜஸ்ட் எக்ஸ்ப்ளெய்ன், அப்பா," என்றாள் நிலா. நான் "யெஸ்" என்று மட்டும் சொன்னேன்.

நாய் முகர்ந்துகொண்டே போய், கண்டுபிடித்ததற்கு அடையாளமாக ஓரிடத்தில் படுத்துவிட்டது. லிண்டா பிரஷ்ஷால் தள்ளத் தள்ள, நசுங்கிய செம்பு வந்தது. வாய்த்துணி எரிந்து, எல்லாம் கொட்டியிருந்தது. அதனடியில் தகனம் செய்தவர்கள் அஸ்தியோடு போட்டனுப்பிய உலோக வில்லை, எண்ணோடு. மாலதி ஃபைலைத் திறந்து தகனச் சான்றிதழில் பார்த்தாள். அதே எண். அப்பாவின் காகிதம் எங்களோடு பத்திரமாகக் காரில் வந்திருக்கிறது. அப்பாதான் வரவில்லை.

கொஞ்சம் வெளிறிய சாம்பலை லிண்டா ஒரு பையில் அள்ளித் தந்தாள். முழுசாகப் பிரிக்க முடியாது, கூரையும் சுவரும் கலந்திருக்கும் என்றாள்.

அன்றைக்கே சாந்தி போனில் கேட்டாள்: "அண்ணா, அது முழுக்க அப்பாதான?"

"ஆமாம்மா."

"சத்தியமா?"

"நம்பரே இருக்கு சாந்தி." நம்பரைச் சொன்னேன். சத்தியம் பண்ணவில்லை. 

மிச்சச் சாம்பலை நச்சுக் கழிவென்று அரைமுழ மண்ணோடு சுரண்டி எடுக்க கவுன்டி நிர்வாகத்தின் லாரிகள் வந்தன. அதற்கும் ஒரு தாள். கையெழுத்துப் போட்டேன். டிசம்பரில் ராமேஸ்வரத்துக் கடலில் நான் முங்கும்போது அப்பாவோடு ஒரு கலிஃபோர்னியக் கூரையும் கரையும். அதே நேரம் இங்கே ஏதோ ஒரு குப்பைமேட்டில், பிளாஸ்டிக் சுற்றி, மண்ணுக்கடியில், அப்பா நிரந்தரமாகக் குடியேறியிருப்பார். விசாவில் அவருக்குக் கொடுத்தது ஆறு மாதம்தான்.