இறால் கொம்பு குத்திய நாள்

சேற்றுத் தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். என் விரல்களுக்கு நடுவிலிருந்து ஓர் இறால் துள்ளி வெளியே குதித்தது. அது கையில் இருந்ததே எனக்குத் தெரியவில்லை!

நாங்கள் இருளர்கள். போலகம் பக்கத்துக் கழிமுகத்தில் பறியை (பனையோலைக் கூடை) பல்லில் கவ்விக்கொண்டு, வலையில்லாமல் கையாலேயே இறால் பிடிப்போம். விரல்தான் எங்களுக்குக் கண். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆலையின் கழிவு, கழிமுகத்தில் வந்து விழும் எங்கள் வாய்க்காலில் கலந்தது. முதலில் கைத்தோல் வெடித்தது. பிறகு விரல் நுனிகள் மரத்துப்போயின.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, ஊசியால் தொட்டுப் பார்த்தார். குஷ்டமோ என்றுதான் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. குஷ்டமென்றால் யார் என்னோடு தண்ணீரில் இறங்குவார்கள்?

"அது இல்லம்மா, பயப்படாதீங்க. தோல் அழற்சி (ரசாயனம் பட்டுத் தோல் வெந்துபோவது). களிம்பு போடுங்க. வாய்க்கால்ல இறங்காதீங்க."

இறங்கவில்லை, சத்தியமாக! ஆனால் எங்கள் ஆட்களுக்குப் புண் என்றால் கழிமுகத்து உப்புத் தண்ணீர்தான் வைத்தியம். என் வீட்டுக்காரர் தினமும் ஒரு குடம் மொண்டு வருவார். அதில் கையை ஊறவைத்துவிட்டுத்தான் களிம்பு பூசினேன்.

ஒரு மாதம் கழித்து இதைக் கேட்ட டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "எந்தத் தண்ணிம்மா?"

"நம்ம தண்ணிதாங்கய்யா."

"அட கடவுளே! அதுதாம்மா உங்க கையக் கெடுத்ததே!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, டாக்டர் மேல் இல்லை, அந்த ஆலைக்காரர்கள் மேல். வீட்டுக்கு வந்ததும் குடத்தைக் கவிழ்த்தேன். உங்கள் கையும் இப்படியென்றால், அதை எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

மூன்று மாதம் சும்மா உட்கார்ந்திருந்தேன், பைத்தியம் பிடிக்காத குறைதான். புண் ஆறியதும் நானும் வீட்டுக்காரரும் பஸ் ஏறி, வடக்கே ஆலைக் கழிவு கலக்காத பூவம் ஆற்றுக்குப் போனோம். இடுப்பளவு தண்ணீர். விரலை விரித்துத் துழாவினேன். சுருக்கென்று குத்தியது, இறால் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு! நான் போட்ட கூச்சலில் பறி வாயிலிருந்து நழுவி ஆற்றோடு போயிற்று.

"என்னா புள்ள, ரத்தம் வருது!" என்று வீட்டுக்காரர் பதறினார்.

"வலிக்குதுய்யா! நல்லா வலிக்குது!"

அவர் பறியைப் பிடிக்கப் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்று அழுதார்.

போலகத்துக் கழிமுகத்தில் இன்றுவரை என்னால் இறங்க முடியவில்லை. வீட்டு வாசலில் தண்ணீர் கிடக்க, பொழுது விடிந்ததும் பஸ்ஸுக்கு நிற்கிறோம். வேலை முடிந்து கரையேறியதும் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்க்கிறேன். பத்தும் வலிக்கின்றன!